டவர் வராத புதுப் போன்

போன மாதம் தேவனாம்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்திருந்த புதுப் பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "பழைய போன் தண்ணியில விழுந்துடுச்சு தம்பி. இது வாங்கி நாலு நாள் ஆவுது, டவரே வரல. சிம்மு அதே சிம்முதான்" என்றார்.

போனில் எந்தக் கோளாறும் இல்லை, சிம்மிலும் இல்லை. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஜிஎஸ்எம் 900, 1800 என்று மட்டும் போட்டிருந்தது. அதாவது 2ஜி போன். அவரிடம் இருந்ததோ ஜியோ சிம். 2016 செப்டம்பர் 5-ல் சேவையைத் தொடங்கியபோதே ஜியோ 4ஜி மட்டும்தான். 2ஜியோ 3ஜியோ அவர்களிடம் இருந்ததே இல்லை. அந்தப் போன் வருடக்கணக்கில் தேடினாலும் அந்த டவர் சிக்காது. விற்றவர் "என்ன சிம்மும்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கு நாலு நாள் வியாபாரம் கெட்டிருக்காது.

கடலூர் லாரன்ஸ் ரோட்டுப் பக்கம் செல்போன் பழுது பார்க்க உட்கார்ந்து இருபது வருடம் ஆகிறது. பழுது என்று வருகிற பல போன்களில் பழுதே இருப்பதில்லை. இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு தொழில்நுட்பத்தைப் பிடித்துக்கொண்டு போட்டி போட்டிருப்பார்கள். அதற்கான செலவு வாங்கினவர் தலையில் விழுந்திருக்கும்.

நான் தொழில் பழகிய காலத்தில் போனையும் டவரையும் இணைக்கும் இரண்டு முறைகளான ஜிஎஸ்எம்மும் சிடிஎம்ஏவும் மோதிக்கொண்டிருந்தன. ஜிஎஸ்எம் ஐரோப்பாவில் உருவானது, 1991-ல் பின்லாந்தில் சேவைக்கு வந்தது. சிடிஎம்ஏவை வளர்த்தது அமெரிக்காவின் குவால்காம் கம்பெனி. ஒரு கல்லூரிப் பையன் டிஸ்பிளே உடைந்த சிடிஎம்ஏ போனைக் கொண்டுவந்து, "சிம்ம எடுத்து வேற போன்ல போட்டுக் குடுங்கண்ணே" என்றான். பின்பக்கத்தைக் கழற்றிக் காட்டினேன். சிம் போட இடமே இல்லை. அந்தப் போனில் நம்பர் போனுக்குள்ளேயே பதிந்திருந்தது. போனை மாற்ற வேண்டுமென்றால் கம்பெனி ஆபீசுக்குத்தான் போக வேண்டும். அவன் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது. சிடிஎம்ஏவில் பேச்சு தெளிவாகவே கேட்கும், குறை சொல்ல முடியாது. ஆனால் நினைத்த போனுக்கு மாறும் வசதி ஜிஎஸ்எம்மில் இருந்தது. மலிவான போன்களும் அதில்தான் குவிந்தன. 4ஜிக்கு வந்தபோது குவால்காமே தன்னுடைய தனி வழியை 2008-ல் கைவிட்டு, இன்று 4ஜி என்று நாம் சொல்லும் எல்டிஇ பக்கம் வந்துவிட்டது.

அதோடு குழப்பம் தீர்ந்துவிடவில்லை. எல்டிஇ அடிப்படையில் டேட்டாவுக்கான வழி. பழைய முறையில் குரலைக் கொண்டுபோக அதில் பாதை கிடையாது. அதனால் பல 4ஜி போன்கள் கால் வந்ததும் 2ஜிக்கோ 3ஜிக்கோ இறங்கிப் பேசும். இறங்க 2ஜியே இல்லாத நெட்வொர்க்கில் என்ன செய்வது? குரலையும் டேட்டாவாகவே அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர்தான் வோல்ட்டி. 2016, 2017-ல் வீடியோ ஓடும், கால் மட்டும் போகாத 4ஜி போன்கள் வரிசையாக வந்தன. 5ஜி வந்த 2022-லும் அப்படித்தான். ஜியோ 4ஜியைச் சாராமல் தனித்து நிற்கும் முறையில் தொடங்கியது, ஏர்டெல் 4ஜியின் மேல் ஏற்றிக் கொடுத்தது. கையில் 5ஜி போன் இருந்தும் அப்டேட் வரும்வரை பலர் காத்திருந்தார்கள்.

இன்று எனக்கு அதிகம் வேலை வைப்பது சார்ஜர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தம்பி அவன் அண்ணனுடைய 80 வாட் சார்ஜரோடு வந்தான். "பெரிய சார்ஜர்ண்ணே, ஆனா ராத்திரி பூரா ஏறுது. பேட்டரி போயிடுச்சா?" என்றான். சார்ஜிங் பின்னை முதலில் துடைத்தேன். நம் ஊர் உப்புக் காற்றில் அங்கே பச்சை பிடித்துவிடும், அதைத் துடைக்காமல் எதையும் நம்பக் கூடாது. பிறகு யூஎஸ்பி மீட்டரை நடுவில் செருகினேன். 5 வோல்ட், 2 ஆம்பியருக்கும் கீழே. 80 வாட் என்று எழுதியிருந்த சார்ஜர் 10 வாட்கூடக் கொடுக்கவில்லை. அவன் போனோடு வந்த சார்ஜரைச் செருகியதும் வோல்ட் 9-க்கு ஏறியது.

காரணம் இதுதான். வயரைச் செருகியதும் போனும் சார்ஜரும் முதலில் பேசிக்கொள்கின்றன. ஓப்போ 2014-ல் கொண்டுவந்த வூக் என்ற வேக சார்ஜ் முறை, வோல்ட்டை 5 அளவிலேயே வைத்து ஆம்பியரை ஏற்றும். யூஎஸ்பியின் பொது முறையான பவர் டெலிவரி வோல்ட்டை 9, 15, 20 என்று ஏற்றும். இரண்டுக்கும் பொதுவான பேச்சு இல்லையென்றால் பாதுகாப்புக்காக 5 வோல்ட்டில் நின்றுவிடும். வாய் எல்லாம் ஒரே டைப் சி. அதனால்தான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். வயரிலும் வித்தியாசம் உண்டு. இருபுறமும் டைப் சி உள்ள சாதாரண வயர் 3 ஆம்பியர்தான் தாங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல், அங்கே விற்கும் புதுப் போன்களில் டைப் சியைக் கட்டாயமாக்கியது. வேகமாக ஏறும் போன் பவர் டெலிவரியையும் ஏற்க வேண்டும் என்றது. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் அது.

அதனால் சார்ஜர் வாங்கப் போனால் வாட் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், உங்கள் போனின் முறை அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்பா அம்மாவுக்குப் பட்டன் போன் வாங்கினால் 4ஜி வோல்ட்டி என்று பெட்டியில் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து போன் வருகிறதா? மாடல் நம்பரை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, நம் ஊர் பேண்டுகள், அதாவது நம் டவர்கள் பயன்படுத்தும் அலைவரிசைகள், அதில் உண்டா என்று விசாரியுங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14-லிருந்து சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். சிம் தட்டு என்று நினைத்து மைக் ஓட்டையில் பின்னைக் குத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு.

அந்த அம்மாவிடம் 4ஜி பட்டன் போனே நல்லது என்றுதான் சொன்னேன். பெட்டி கிழிந்துவிட்டதால் விற்ற இடத்தில் திரும்ப வாங்கமாட்டார்களாம், இன்னொன்று வாங்கவும் காசு இல்லை என்றார். சரி, 2ஜி இன்னும் ஓடுகிற கம்பெனிக்கு அதே நம்பரோடு மாறிக்கொள்வோம் என்று, சிம்மை என் போனில் போட்டு 1900-க்கு மெசேஜ் அனுப்பி, புதுக் கம்பெனியில் காட்டுவதற்காக வந்த எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் கூடையோடு கடையைத் தாண்டிப் போனவர் நிற்கவில்லை. போன் காதில் இருந்தது, யாரிடமோ வஞ்சிரம் விலை பேசிக்கொண்டிருந்தார்.