பானெட்டில் ஒரு பெயர், பேட்டரிக்குள் இன்னொரு பெயர்

1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் டொயோட்டா பிரியஸின் பேட்டரிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும். பெரிய டார்ச் லைட்டில் போடுவோமே, அதே அளவு உருளை செல்கள். ஆறாறாக நீளவாக்கில் கோத்து, குச்சி குச்சியாக அடுக்கிய 240 செல்கள். ஒன்றுக்கு 1.2 வோல்ட், எல்லாம் வரிசையாகச் சேர்ந்தால் 288 வோல்ட். உலகை அசத்திய ஹைப்ரிட் கார் ஓடியது இதில்தான்.

அந்த செல்களைச் செய்ய டொயோட்டா தனியாக இறங்கவில்லை. 1996இலேயே பானசோனிக்குடன் கூட்டாக ஒரு கம்பெனி தொடங்கியது. கார் செய்வதும் செல் செய்வதும் ஒட்டாத இரண்டு தொழில்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

இன்றைய லித்தியம் செல் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். மூலப்பொருள் தூளைக் கூழாகக் கரைத்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய செம்புத் தாளிலும் அலுமினியத் தாளிலும் பூச வேண்டும். மாவு எங்கும் ஒரே பதம், எங்கும் ஒரே தடிமன் என்று கிலோமீட்டர் கணக்கில் தோசை வார்க்கிற வேலை அது. அப்புறம் காயவைத்து, உருளையில் நசுக்கி, வெட்டி, நடுவில் செப்பரேட்டர் என்ற பிளாஸ்டிக் சவ்வை வைத்துச் சுருட்டவோ அடுக்கவோ செய்வார்கள். எலக்ட்ரோலைட் என்ற திரவத்தை ஊற்றும் அறையில் காற்று பாலைவனத்தைவிட வறண்டிருக்கும். உள்ளே எத்தனை பேர் நின்று மூச்சு விடுகிறார்கள் என்பதைக்கூடக் கணக்கில் எடுப்பார்கள். மூடியபின் மெதுவாக முதல் சார்ஜ் ஏற்றி, நாள்கணக்கில் சும்மா வைத்து, எந்த செல்லில் வோல்டேஜ் கசிகிறது என்று பார்த்துக் கழிப்பார்கள். இந்த வேலையில் எங்கும் ஸ்பானர் கிடையாது.

அதனால்தான் பெரும்பாலான கார் கம்பெனிகள் செல்லை வெளியில் வாங்கி, பேக்கைத் தாங்களே கட்டுகின்றன. செல்களை அடுக்கி, குளிரூட்டும் குழாய் போட்டு, ஒவ்வொன்றின் சூட்டையும் வோல்டேஜையும் கவனிக்கும் மின்னணுப் பலகையைப் பொருத்தி, மோதல் தாங்கும் பெட்டிக்குள் வைப்பதுதான் பேக். 'எங்கள் பேட்டரி' என்று விளம்பரத்தில் வந்தால், பெரும்பாலும் அந்தப் பெட்டியைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் கிடைத்த செல்லை வைத்தே கார் ஓட்டிக் காட்டியவர்களும் உண்டு. 2008இல் வந்த டெஸ்லா ரோட்ஸ்டரில் இருந்தவை லேப்டாப் ரக செல்கள்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் உயரம், மொத்தம் 6,831. கோடிக்கணக்கில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்த சரக்கு என்பதால் விலையும் தரமும் தெரிந்த கணக்கு. சின்னக் கம்பெனிக்கு அது சாமர்த்தியம்தான். ஆனால் ஆண்டுக்கு லட்சக்கணக்கான கார் விற்க நினைப்பவருக்கு அந்த வழி சீக்கிரமே முட்டும். டெஸ்லாவே 2014இல் பானசோனிக்குடன் ஒப்பந்தம் போட்டு நெவாடாவில் ஆலை கட்டப் போனது.

இன்னொரு சிக்கல், எல்லா செல்லும் எல்லா வண்டிக்கும் ஆகாது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸின் மொத்த பேட்டரியே சுமார் 1.3 கிலோவாட்-மணிதான். முழு மின்காரில் இது 40, 60, 80 என்று போகும். ஹைப்ரிட் பேட்டரி குறைவாகச் சேமித்தால் போதும். ஆனால் பிரேக் போடும்போது வருவதைச் சட்டென்று வாங்கி, கிளம்பும்போது சட்டென்று கொடுக்க வேண்டும், அதுவும் லட்சக்கணக்கான முறை. அதற்குப் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். மின்காருக்கோ கிலோமீட்டர்தான் முக்கியம், அதனால் பூச்சு தடிமன். ஹைப்ரிட் செல் ஓட்டப்பந்தய வீரன் என்றால், மின்கார் செல் மூட்டை தூக்குபவர். ஒருவர் வேலையை மற்றவரிடம் கொடுக்க முடியாது.

ஆகவே செல் வாங்குவது டயர் வாங்குவது மாதிரி இல்லை. முதலில் ஏ மாதிரி (சாம்பிள்) என்று சில செல்கள் வரும். வேதியியல் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். பி மாதிரியில் அளவும் வடிவமும் முடிவாகும். சி மாதிரி உற்பத்தி இயந்திரத்திலேயே செய்து வர வேண்டும். டி மாதிரி நிஜ ஆலையின் நிஜ வேகத்தில் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஆணி குத்துவது, நசுக்குவது, சுடவைப்பது என்று சோதனைகள். எல்லாம் முடிய மூன்று நான்கு வருடம் ஓடிவிடும். அதற்குள் பேக்கின் அளவு, காரின் தளம் எல்லாமே அந்த செல்லைச் சுற்றி அமைந்துவிடும். பிடிக்கவில்லை என்று நடுவழியில் ஆளை மாற்றினால் பாதிக் காரைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.

இந்த உறவில் ஒரு சின்னக் கிழிசல் என்ன செய்யும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் போல்ட் மின்கார் சாட்சி. நிறுத்தியிருந்த சில கார்கள் தீப்பிடித்தன. ஆராய்ந்தபோது, ஒரே செல்லில் இரண்டு குறைகள் சேர்ந்திருந்தது தெரிந்தது: செல்லின் நெகட்டிவ் பக்கமான ஆனோடின் உலோக நாக்கு கிழிந்திருந்தது, செப்பரேட்டர் மடிந்திருந்தது. தனித்தனியே இருந்தால் பிழைத்திருக்கும், சேர்ந்தபோது நெருப்பு. 2021இல் அதுவரை செய்த சுமார் 1,42,000 போல்ட்களையும் திரும்ப அழைத்தார்கள். செலவு ஏறக்குறைய 200 கோடி டாலர். அதில் 190 கோடி வரை செல் செய்து கொடுத்த எல்ஜி ஏற்க ஒப்புக்கொண்டது. காரின் பெயர் ஒருவருடையது, பணத்தை இழந்தவர் இன்னொருவர். இத்தனைக்கும் பிறகு இருவரும் பிரியவில்லை. அமெரிக்காவில் கூட்டாகக் கட்டிக்கொண்டிருந்த ஆலையில் 2022இல் உற்பத்தி தொடங்கியது.

பிரிந்த கதையும் உண்டு. சுவீடனின் நார்த்வோல்ட் சரியான நேரத்துக்கு செல் தரவில்லை என்று பிஎம்டபிள்யூ 2024இல் சுமார் 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் திவால். தொடக்கத்தில் அங்கே பணத்துக்கோ திட்டத்துக்கோ குறைவில்லை. நான் மேலே சொன்ன தோசை சரியாக வரவில்லை, அவ்வளவுதான்.

விலைப் பேச்சு தனிக் கதை. செல் விலையில் பெரும்பகுதி மூலப்பொருள்தான், அது ஒரு நிலையில் நிற்பதில்லை. சீனாவில் ஒரு டன் லித்தியம் கார்பனேட் 2022 நவம்பரில் 6 லட்சம் யுவானைத் தொட்டு, அடுத்த ஆண்டு முடிவதற்குள் 1 லட்சத்துக்கும் கீழே விழுந்தது. அதனால் லித்தியம், நிக்கல் சந்தை விலையோடு செல் விலையும் ஏறி இறங்கும்படி ஒப்பந்தம் எழுதுவது வழக்கமாகிவிட்டது. சிலர் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். 2020இல் பிஎம்டபிள்யூ கோபால்ட் என்ற உலோகத்தை ஆஸ்திரேலியா, மொராக்கோ சுரங்கங்களிலிருந்து தானே வாங்கி செல் செய்பவர்களிடம் கொடுக்கத் தொடங்கியது. நாமே துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுக்கிற மாதிரிதான். காரணம், உலகக் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோவிலிருந்து வருகிறது, அங்கே குழந்தைகள் சுரங்கத்தில் இறங்கும் செய்திகளும் வருகின்றன. நாமே துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுக்கிற மாதிரிதான்.

இப்போது உலகில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான மின்கார் பேட்டரிகளைச் செய்வது 2011இல் சீனாவின் நிங்டே நகரில் தொடங்கிய சிஏடிஎல் கம்பெனி. சீன அரசு 2015இல் ஒரு பட்டியல் போட்டு, அதில் உள்ளவர்களின் பேட்டரி இருந்தால்தான் காருக்கு மானியம் என்றது. கொரிய, ஜப்பானியக் கம்பெனிகள் பட்டியலில் இல்லை. பட்டியல் எடுக்கப்பட்ட 2019க்குள் சிஏடிஎல் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.

நம் பக்கம் வந்தால், ஹூண்டாய் கிரெட்டா மின்காரின் பேக் ஸ்ரீபெரும்புதூரில் கட்டப்படுகிறது, உள்ளே போகும் செல்கள் கப்பலில் வருகின்றன. மகிந்திராவின் பிஇ 6 மின்காரின் பேக் புணே அருகே சாகனில் கட்டப்படுகிறது, செல் சீனக் கம்பெனியான பிஒய்டியுடையது. அதே பிஒய்டி இந்தியாவில் தன் கார்களையும் விற்கிறது. போட்டியாளரிடமே சரக்கு எடுப்பது இந்தத் தொழிலில் வெட்கப்படும் விஷயமே இல்லை.

டொயோட்டாவையே பாருங்கள். 2022இல் சீனச் சந்தைக்கு பிஇசட்3 என்ற மின்காரை அறிமுகம் செய்தது. அதன் பேட்டரியில் டார்ச் செல்கள் கிடையாது. நீளமாக, தட்டையாக, வாள் மாதிரி அடுக்கிய செல்கள். செய்தது பிஒய்டி.