விடியுமுன் சூடேறும் டெகு

கறுப்பு வெள்ளை டெகு என்ற பெரிய பல்லியைப் பார்த்ததும் நம்மவர்கள் உடும்பு என்றே சொல்வார்கள். வாலோடு அளந்தால் நாலடி, பிளந்த நாக்கு, கறுத்த உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் கோத்த பட்டைகள். ஆனால் உடும்புக்கு இது நெருங்கிய உறவல்ல. பிரேசில், பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா ஆகிய நாடுகள்தான் இதன் தாயகம். பழம், நத்தை, பூச்சி, பறவை முட்டை என எதையும் தின்னும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்குத் தலையும் கழுத்தும் கிளிப்பச்சையாக இருக்கும். சில மாதங்களில் அந்தப் பச்சை கறுத்துவிடும். முதிர்ந்த ஆணுக்குக் கன்னச் சதை பருத்துத் தொங்கும். ஐயம் வந்தால் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையே பாருங்கள்: இதற்கு அங்கே இரண்டு செதில்கள், தங்க டெகு என்ற இன்னொரு வகைக்கு ஒன்றுதான்.

பலரும் இந்த அடையாளங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கோ இதன் உடம்புக்குள் மூளும் கனல்தான் பெரிய அதிசயம்.

பல்லி இனங்கள் வெயிலில் காய்ந்து சூடேறும், இரவில் ஆறிப்போகும். டெகுவும் ஆண்டின் பெரும்பகுதி அப்படித்தான். குளிர்காலம் முழுக்க வளைக்குள் ஒடுங்கிக் கிடக்கும். தென் அரைக்கோளத்தின் வசந்தத்தில், ஏறத்தாழ செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலான இனப்பெருக்கக் காலத்தில், கதை மாறுகிறது. விடிவதற்கு முன்பே, வெயிலின் உதவி இல்லாமல், இதயத் துடிப்பும் மூச்சும் வேகமெடுக்கின்றன. உடம்பு வளையைவிட 10 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது! பிரேசிலின் ரியோ க்ளாரோவில் டெகுக்களை ஆண்டு முழுவதும் அளந்து பார்த்த ஆய்வாளர்கள் 2016இல் இதை வெளியிட்டார்கள். பகலில் வாங்கிய வெயில் மிச்சமோ என்று சந்தேகம் வருவது நியாயம். அதற்காகவே சில டெகுக்களை வெயில் படாத, வெப்பம் மாறாத அறையில் சில நாட்கள் வைத்தார்கள். அங்கேயும் உடம்பு அறையைவிடச் சூடாகவே இருந்தது.

பாலின ஹார்மோன்கள் பெருகும்போது உடலின் எரிபொருள் செலவு கூடுகிறது, அதோடு தோல் வழியே வெளியேறும் வெப்பமும் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பறவைகளும் பாலூட்டிகளும் வெப்ப இரத்தம் பெற்ற பாதையின் முதற்படி இப்படி இருந்திருக்கலாம் என்றும் கருதுகிறார்கள். சூடான உடம்பில் முட்டை விரைவாக உருவாகும் அல்லவா!

இந்தக் கனலைத் தாங்கித்தான் பெண் டெகு காய்ந்த புல்லையும் சருகையும் வளைக்குள் இழுத்துச் சேர்க்கிறது. அங்கே இருபது முப்பது முட்டைகளிட்டு, குஞ்சு பொரியும்வரை காவல் கிடக்கிறது.