உப்புத் தண்ணியில் அலசிய துண்டு ஏன் காய்வதில்லை?

காசிமேட்டிலோ தண்டையார்பேட்டையிலோ நேற்றுக் காலை கொடியில் போட்ட துண்டை இன்று தொட்டுப் பாருங்கள். விறைப்பாக இருக்கும், ஆனாலும் சில்லென்று இருக்கும். முகத்தருகே கொண்டுபோனால் மக்கிய வாடை. சோப்பு போதவில்லை என்று அடுத்த முறை இன்னொரு கை பவுடர் போடுவோம். உண்மையில் கோளாறு கடைசியாக அலசிய தண்ணீரில்.

வடசென்னை வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. மெட்ரோ குழாயிலும் லாரியிலும் வருவது நல்ல தண்ணி, போர் எனும் ஆழ்துளைக் கிணற்றில் இறைப்பது உப்புத் தண்ணி. குடம் குடமாகப் பிடிக்கும் நல்ல தண்ணி சமையலுக்கே சரியாகிவிடும், துணிக்குப் போர்தான். மீஞ்சூர் பக்க நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது பல பத்தாண்டுக் கதை. அதே வட்டாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடன் தொடங்கியது. அங்கே உப்பைப் பிரிக்க அவ்வளவு மின்சாரம் செலவாகிறது. நாமோ உப்போடு சேர்த்தே துண்டை உலர்த்துகிறோம்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பெரும்பகுதி சமையல் உப்பு, கூடவே 1.3 கிராம் மெக்னீசியம், 0.4 கிராம் கால்சியம். இந்த இரண்டும் சோப்பிலுள்ள சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். விளைவது தண்ணீரில் கரையாத பிசுக்கு. ஒரு பாட்டிலில் 200 மில்லி போர் தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பை நகக்கண் அளவு சீவிப் போட்டுக் குலுக்கினால், நுரைக்குப் பதில் திரிந்த பால்போல வெள்ளைத் துணுக்குகள் மிதக்கும். சோதனைக்குச் சலவை பவுடர் வேண்டாம். அது உப்புத் தண்ணியிலும் நுரைத்து ஏமாற்றும். உடம்பில் மிச்சமிருக்கும் சோப்பு தினமும் துண்டில் ஏறி, இந்தப் பிசுக்காக நூலுக்குள் படிகிறது.

பிசுக்கு பாதிதான், மீதி உப்பின் வேலை. 400 கிராம் டர்க்கி டவலைக் கையால் பிழிந்தாலும் கிட்டத்தட்ட 400 மில்லி தண்ணீர் உள்ளே தங்கும். லிட்டருக்கு 3 கிராம் உப்புள்ள போர் தண்ணீர் என்றால், காய்ந்தபின் துண்டில் 1.2 கிராம் உப்பு மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் உப்பு ஜாடி கசிவது ஏன்? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். கடலோரத்தில் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆக, வெயிலில் காய்ந்த துண்டு ராத்திரி மறுபடி ஈரமாகிறது. ஈரம், தோல் செதில், எண்ணெய் மூன்றும் கிடைத்தால் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவுக்கு விருந்து. அது வெளிவிடும் அமிலம்தான் அந்த வாடை.

துவைப்பதை உப்புத் தண்ணியிலேயே முடிக்கலாம். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணியில், துண்டுக்கு 5 லிட்டர், அதாவது குடத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதில் முக்கிப் பிழிந்தால், தங்கியிருந்த போர் உப்பில் பதிமூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தத் தண்ணீரைக் கீழே கொட்ட வேண்டாம், கழிவறைக்கு ஆகும். காலை 9 மணிக்குள் மொட்டை மாடியில் ஒற்றையாக விரித்துப் போடுங்கள். கடல்காற்று ஏறும் மதியத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். மடித்துப் போட்டால் மடிப்பு காயாது. மாடி இல்லாத லைன் வீட்டில் டர்க்கி டவலைவிட ஈரிழைத் துண்டே கெட்டிக்காரத்தனம்.

வீட்டில் யாருக்காவது படர்தாமரை இருந்தால் துண்டு, உள்ளாடையைத் தனியாக 60 டிகிரி நீரில் ஊறவைக்க வேண்டும். வெப்பமானி தேவையில்லை: கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு, ஏறக்குறைய 64 டிகிரி வரும். துண்டைப் பங்கு போடுவது அறவே கூடாது. அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அதையும் மறக்காதீர்கள். நாள் முழுக்க ஈரத்திலேயே கிடப்பது அதுதான்.

ஏற்கனவே பிசுக்கேறிய துண்டை 5 லிட்டர் நல்ல தண்ணியில் 200 மில்லி வெள்ளை வினிகர் கலந்து அரை மணி ஊறவையுங்கள். பிசுக்கு உடைந்து கொழுப்பு அமிலமாகும். அதோடு விட்டால் துண்டு வழவழக்கும். அதனால் நன்றாக அலசிவிட்டு, வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவும் வழக்கமான பவுடரும் போட்டுத் துவைக்க வேண்டும். மணக்கட்டுமே என்று கம்ஃபர்ட் போன்ற திரவத்தை ஊற்றினால் நூல்மேல் மெழுகுபோலப் படிந்து துண்டு நீரை உறிஞ்சாது. வினிகர் ஊற்றிய வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஜன்னலில்லாத குளியலறையில் மூச்சு முட்டிவிடும்.