ஈறுக்கு ஒரு லேசர், பல்லுக்கு வேறு லேசர்

"டாக்டர், லேசர்லயே பண்ணிருங்க, வலிக்காதுல்லா?" பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பல் பிடுங்க வந்தவர்கூடக் கேட்கிறார். லேசரால் பல்லைப் பிடுங்க முடியாது. பழைய வெள்ளி அடைப்பையோ உலோகக் கேப்பையோ அதை வைத்துக் கழற்றவும் முடியாது.

நம் பக்கத்துக் கிளினிக்குகளில் பெரும்பாலும் இருப்பது டயோடு லேசர். 810 முதல் 980 நானோமீட்டர் வரையான அலைநீளம் கொண்ட அதன் ஒளியை ரத்தத்தின் சிவப்பும் ஈறின் கருநிறமியும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், சதையை வெட்டும்போதே சின்ன ரத்தக் குழாய்களும் அடைபட்டுவிடும், பெரும்பாலும் தையலும் தேவைப்படாது. அறிவுப்பல்லை மூடி வீங்கிக் கிடக்கும் சதையை எடுக்க இது அருமையானது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகளுக்கும் பெரிய உதவி, ஆனால் பல் வைத்தியத்துக்காக அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் கறுத்த ஈறைச் சிவப்பாக்கக் கேட்டும் வருகிறார்கள். அந்தக் கறுப்பு பெரும்பாலும் பிறவி நிறம்தான், நோயில்லை, எடுத்தாலும் நாளாவட்டத்தில் திரும்ப வரலாம்.

சொத்தையைக் குடைய எர்பியம் லேசர் வேண்டும். 2940 நானோமீட்டரில் வரும் அதன் ஒளியைப் பல்லுக்குள் இருக்கும் நீர் உறிஞ்சி, நொடியில் ஆவியாகி, பல்லைத் துகள் துகளாகப் பெயர்க்கும். அமெரிக்காவில் 1997-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. டிரில்லின் அதிர்வு இருக்காது, சின்னச் சொத்தை என்றால் பலருக்கு ஊசி இல்லாமலே முடிந்துவிடும், எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன். மெஷின் விலை அதிகம், அதனால் எல்லா இடத்திலும் இருக்காது. ஆகவே "லேசர்ல சொத்தை எடுக்கிறோம்" என்று சொன்னால், எந்த லேசர் என்று தயங்காமல் கேளுங்கள். அப்புறம், சிகிச்சை நடக்கும்போது அறையில் இருக்கிற எல்லாரும், உங்களோடு துணைக்கு வந்தவர் உட்பட, அந்த லேசருக்கு என்றே உள்ள கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கூலிங் கிளாஸ் போதாது.

எனக்கு நிஜமாகவே பயம் தருவது வேறொன்று. வெத்தலை பாக்கோடு புகையிலை அடக்கிப் பழகியவர்கள் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படலத்தோடோ சிவப்புத் திட்டோடோ வந்து, "லேசர்ல சுட்டு எடுத்துருங்க, வேலைக்குப் போணும்" என்கிறார்கள். அதைப் பரிசோதிக்காமல் சுடவே கூடாது. லேசர் சதையை ஆவியாக்கிவிட்டால் அது புற்றுநோயா, அதற்கு முந்தைய கட்டமா என்று பார்க்க ஒன்றும் மிஞ்சாது. மேலே ஆறியதுபோல் தெரிந்தாலும் அடியில் வளர்ந்துகொண்டே போகலாம். முதலில் ஒரு துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்ப வேண்டும். தனியாரில் செலவாகும் என்று தயங்கினால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயில் இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணுக்கும் இதேபோல் முதலில் பயாப்சிதான். எங்கே எடுத்தாலும் பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.