மிதவை உயிரி: பிளாங்டனை நுண்ணுயிரி என்று எழுதாதீர்கள்

கடல் சூடாவதைப் பற்றித் தமிழில் எதை எடுத்தாலும், நீரோட்டத்தோடு அலைந்து திரியும் பிளாங்டன் என்ற உயிர்களுக்கு ‘நுண்ணுயிரி’ என்றே எழுதிவைத்திருக்கிறார்கள். செய்தி, மொழிபெயர்ப்புக் கட்டுரை, பயிற்சிக் கையேடு எதுவும் விலக்கில்லை. கோவையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த தாளிலும் அதே கதை: “கடலோர நீர் வெப்பமடைவதால் நுண்ணுயிரிகள் குறைந்துவருகின்றன.” பக்கத்தில் இருந்த பல்லடத்துக்காரர் படித்துவிட்டு, “கிருமி குறைஞ்சா நல்லதுதானுங்களே?” என்று கேட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அந்த வாக்கியத்தைப் படித்தால் அப்படித்தான் தோன்றும்.

பிளாங்டன் என்ற சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1887இல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கிரேக்கத்தில் ‘பிளாங்க்டாஸ்’ என்றால் அலைந்து திரிவது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்த மாட்டாமல், அது இழுத்த இழுப்புக்குப் போகிற உயிர்கள் எல்லாம் பிளாங்டன்; தமிழில் மிதவை உயிரி. வெயிலில் உணவு சமைத்துக்கொள்பவை தாவர மிதவை உயிரிகள். அவற்றை மேய்பவை விலங்கு மிதவை உயிரிகள்.

இதில் உருவ அளவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிளாங்டன் என்பது ஓர் உயிர் எப்படி வாழ்கிறது என்பதைச் சொல்லும் பெயர். நுண்ணுயிரி என்பது எவ்வளவு சிறியது என்பதைச் சொல்லும் பெயர். கைவிரித்த அகலத்துக்கு மிதந்துவரும் சொறி மீனும் (ஜெல்லி மீன்) பிளாங்டன்தான். அதைப் போய் நுண்ணுயிரி என்பீர்களா? மீன் முட்டை, நண்டுக் குஞ்சு, இறால் குஞ்சு எல்லாம் முதல் சில வாரம் பிளாங்டனாக அலைந்துவிட்டு, வளர்ந்ததும் அந்தக் கணக்கிலிருந்து விலகிவிடும். மறுபக்கம், கடலடிச் சேற்றில் கிடக்கும் பாக்டீரியா நுண்ணுயிரியே தவிர பிளாங்டன் இல்லை. இரண்டு சொற்களும் ஓரளவு ஒன்றின் மேல் ஒன்று படியும். ஒன்றுக்கு மற்றது ஈடாகாது.

கேட்பவர் காதில் எப்படி விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருப்பூரில் சோப்பு விளம்பரம் பார்த்து வளர்ந்தவருக்கு நுண்ணுயிரி என்றால் கிருமி. காங்கேயம் பக்கம் தோட்டத்துக்காரரைக் கேட்டால் அசோஸ்பைரில்லம் என்பார், பஞ்சகவ்யம் என்பார்; அவருக்கு அது மண்ணுக்கு நல்லது செய்வது. இருவர் மனதிலும் கடலில் மீனுக்கு இரையாகும் உயிர் வந்து நிற்காது.

‘மிதக்கும் தாவரங்கள்’ என்று போடுகிறவர்களும் உண்டு. உக்கடம் பெரியகுளத்தைப் பார்த்தவருக்கு மிதக்கும் தாவரம் என்றால் ஆகாயத்தாமரை. ‘கடற்பாசி’ என்றால் இன்னும் மோசம். அது ராமேசுவரம் பக்கம் பெண்கள் முங்கிப் பறிக்கும் பாசி; நம் ஊர்க் கடைகளில் பாக்கெட்டில் தொங்கும் ஜெல்லி.

சரி, மிதவை உயிரி என்பதில் மட்டும் குறை இல்லையா என்றால், இருக்கிறது. மிதவை என்றதும் தண்ணீர் மேலே கிடப்பது நினைவுக்கு வரும். ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் உறவான கோப்பிபாட் என்ற சின்னஞ்சிறு உயிர் பகலில் ஆழத்துக்கு இறங்கி, இரவில் மேலேறி மேய்கிறது. அதனால் ‘அலைவாழி’ என்று சிலர் சொல்கிறார்கள். அலைதல் கிரேக்க மூலத்துக்கு நெருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கடலைப் பற்றிப் பேசும்போது அலை என்றால் யாருக்கும் கடல் அலைதான் தோன்றும். அப்புறம் அதை விளக்க ஒரு பத்தி எழுத வேண்டிவரும். பாடநூல் வழியாகப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழகிய மிதவை உயிரியே போதும் என்பது என் முடிவு.

சொல் தவறினால் விஷயமே தவறிப்போகிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வரும் தென்மேற்குக் காற்று, அதற்கு முன் கேரளக் கடலில் ஒரு வேலை செய்கிறது. கரையோர மேல்நீரை விலக்கி, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே வரவைக்கிறது. அந்தச் சத்தில் டயாட்டம் என்ற தாவர மிதவை உயிரி பெருகும். மத்தி அதைத் தின்று கொழுக்கும். கடலின் மேற்பரப்பு சூடானால் மேல்நீர் லேசாகி, அடிநீரோடு கலக்காமல் தனி அடுக்காக நின்றுவிடும். சத்து மேலே வருவது குறையும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் தாவர மிதவை உயிரிகள் 20 விழுக்காடு வரை குறைந்தன என்று புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தார் 2016இல் எழுதினார்கள். கேரளத்தில் 2012இல் 4 லட்சம் டன்னை ஒட்டிப் பிடிபட்ட மத்தி, 2021இல் 3,500 டன்கூடத் தேறவில்லை. மத்தியின் சரிவுக்கு மிதமிஞ்சிய பிடிப்பும் காரணம். ஆனால் இரையைப் பேசாமல் அதைப் பேசவே முடியாது. உக்கடம் மீன் மார்க்கெட்டில் மத்தி வாங்குகிறவருக்கு இது தன் தட்டுச் சோற்றோடு சேர்ந்த செய்தி. அதை ‘நுண்ணுயிரிகள் குறைகின்றன’ என்று எழுதினால் அவருக்கு என்ன போய்ச் சேரும்?

இதே ஆட்கள்தான் மிதவை உயிரிகள் மிதமிஞ்சிப் பெருகுவதை ‘ஆல்கா மலர்ச்சி’ என்கிறார்கள். மலர்ச்சி நம் மொழியில் முகத்துக்கு வருவது, மனதுக்கு வருவது. சாக்கடையும் உரச்சத்தும் கடலோரத்தில் சேர்ந்து நீர் நிறம் மாறுவதற்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? பவானிக் கூடுதுறையில் ஆடிப்பெருக்குக்கு நிற்கும் நமக்குப் ‘பெருக்கு’ என்ற சொல் கைவசம் இருக்கிறது. மிதவைப் பெருக்கு என்று எழுதலாமே.

2019 செப்டம்பரில் பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. நாக்டிலூகா என்ற மிதவை உயிரியின் பெருக்கு அது. அது கூட்டமாக மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறும். அதற்கு முந்தைய மாதம் சென்னைக் கரையில் இரவில் நீலமாக ஒளிர்ந்ததும் நாக்டிலூகாதான். இதையும் ‘கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரி’ என்று எழுதினார்கள். நன்கு வளர்ந்த நாக்டிலூகா குண்டூசித் தலை அளவு இருக்கும். கண்ணாடிக் குவளையில் கடல்நீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தக் கரை மீனவர்கள் அதைப் பூங்கோரை என்கிறார்கள். பாம்பன் செய்தியை எழுதுகிறவர் அந்தப் பெயரையே போட்டு, பக்கத்தில் ‘மிதவை உயிரி’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.