மாடுலர் ஹெல்மெட்டை மூடிவிட்டு ஓட்டுங்கள்

போன ஞாயிறு காலை ஒரு பையனைத் தூக்கிவந்தார்கள். வயது 27, ஊர் வேலூர்ப் பக்கம், வேலை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில். ஓசூர் ரோட்டில் முன்னால் போன ஆட்டோ சட்டென்று நிற்க, பிரேக் பிடித்து விழுந்திருக்கிறான். வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. தலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை. ஆனால் கீழ்த்தாடை மூன்று இடத்தில் உடைந்திருந்தது. முகவாயில் ஒன்று, இரண்டு காதுக்கும் முன்னால் உள்ள மூட்டில் ஒவ்வொன்று. முன்பல் நான்கைக் காணோம்.

கூட வந்த நண்பன் கையில் அவனுடைய ஹெல்மெட் இருந்தது. நல்ல விலை கொடுத்து வாங்கிய மாடுலர் ஹெல்மெட், அதாவது முகவாய்ப் பக்கத்து முன்பாகத்தைத் திறந்து மேலே ஏற்றக்கூடிய வகை. வாங்கிப் பார்த்தேன். மேல் ஓட்டில் கீறல். முகவாயை மறைக்க வேண்டிய முன்பாகத்தின் அடி விளிம்பில் ஒரு கோடுகூட இல்லை. திறந்து மேலே ஏற்றிவிட்டு ஓட்டியிருக்கிறான்.

வாய், முகம், தாடை அறுவை சிகிச்சைதான் என் வேலை. இந்த வருடம் இதே கதையோடு வந்தவர்களில் இவன் நான்காவது. நான்கு குடும்பமும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னது: "ஹெல்மெட் போட்டிருந்தானே டாக்டர்!"

போட்டிருந்தான், அதனால்தான் மூளை தப்பியது. தாடைக்கு அவன் எதையும் போட்டிருக்கவில்லை.

மாடுலர் ஹெல்மெட்மேல் எனக்குக் கோபம் இல்லை. 1981-ல் பிஎம்டபிள்யூ இந்த வகையைக் கொண்டுவந்ததிலிருந்து உலகம் முழுக்க ஓட்டுகிறார்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. பெட்ரோல் பங்கிலும் டீக்கடையிலும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே முகம் காட்டிப் பேசலாம். சில்க் போர்டு சிக்னலில் வெயிலில் நிற்கும்போது திறந்துவிட்டால் மூச்சு விட முடிகிறது, அதுவும் எனக்குத் தெரியும். பிரச்சினை, பச்சை விழுந்த பிறகு யாரும் அதை மூடுவதில்லை என்பதுதான். "அடுத்த சிக்னல் பக்கத்துலதான, மெதுவாத்தான போறேன்" என்கிறார்கள்.

இந்த "மெதுவா" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அந்தப் பையனுக்கு வந்த மூன்று முறிவுக்கு எங்கள் துறையில் கார்ட்ஸ்மேன் முறிவு என்று பெயர். அணிவகுப்பில் அசையாமல் நிற்கும் காவல் வீரர் மயங்கி அப்படியே முகவாய் தரையில் மோத விழுந்தால் இப்படி உடையும், அதனால் வந்த பெயர். நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே இந்தக் கதி. அவருக்கு வண்டியும் இல்லை, வேகமும் இல்லை. அப்புறம் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனேன், முப்பதில் போனேன் என்று சொல்வதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? முகவாயில் விழுந்த அடி எலும்பு வழியே ஏறி, காதுப் பக்கத்து மூட்டை உடைக்கும். அந்த மூட்டுக்கு மேலேதான் மண்டை ஓட்டின் அடிப்பகுதி.

இன்னொரு வாதம், படித்தவர்களிடமிருந்து வருவது. "என்னுடையது பி/ஜே டாக்டர், திறந்து வைத்தும் ஓட்டலாம்." ஐரோப்பிய இசிஇ தரச் சீட்டில் 'பி' என்றால் மூடிய நிலையில் முகவாய்க்குப் பாதுகாப்பு உண்டு என்று பொருள். 'ஜே' என்றால் திறந்த முக ஹெல்மெட்டாகவும் தேறியிருக்கிறது என்று பொருள். அவ்வளவுதான். திறந்த முக ஹெல்மெட் தலையைக் காக்கும், தாடையைக் காக்காது. 'ஜே' என்ற எழுத்து உங்கள் முகவாய்க்கு முன்னால் எதையும் கொண்டுவந்து வைக்காது. முன்பாகம் தலையைச் சுற்றிப் பின்பக்கம் போய் உட்காரும் மாடலுக்கும் இதே கதைதான். சீட்டில் 'பி' மட்டும் இருந்தால் ஓடும்போது திறக்கவே கூடாது. நெற்றிக்கு மேல் தூக்கி நிற்கும் பாகம் காற்றில் கழுத்தைப் பின்னால் இழுக்கும், விழும்போது எதிலாவது மாட்டித் தலையைத் திருப்பும்.

ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜூன் முதல் கட்டாயம். அது இல்லாததை நடைபாதையில் வாங்காதீர்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது பத்துத் தடவையாவது திறந்து மூடுங்கள். இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்ட வேண்டும். உள்ளே இருக்கும் கொக்கி உலோகமா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மூடிய பிறகு கட்டை விரலால் மேல்நோக்கி ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். தூசி ஏறிய கொக்கி பூட்டியதுபோலத் தெரியும், பூட்டியிருக்காது. தாடைக்கு அடியில் வாரை மாட்டுங்கள். போலீசுக்காகத் தொங்கவிட்டுப் போகிறவரின் ஹெல்மெட், அவர் விழும் முன்பே தனியாகப் பறந்துவிடும். ஒரு தடவை பலமாக அடி வாங்கிய ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே நசுங்கிய தெர்மகோல் மறுபடி எழும்பாது.

அந்தப் பையனுக்குப் பிளேட் வைத்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருக்கிறோம். சில வாரம் வாய் திறக்க முடியாது. ராகிக் கஞ்சியை வடிகட்டி அம்மா ஸ்ட்ராவில் கொடுக்கிறார். போனில் பேச முடியாமல் எழுதிக் காட்டுகிறான். தம்பி, தங்கச்சி, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், வண்டி நகர்ந்தால் மூடிவிடுங்கள். அரை விநாடி வேலை.

வழியில் யாராவது இப்படி விழுந்து கிடந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்து எலும்பு உடைந்திருக்கலாம். ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முகவாய்ப் பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தி முன்பாகத்தை மெல்லத் தூக்கட்டும். மாடுலரில் அது முடியும். முகம் தெரியும், மூச்சு வருகிறதா, வாயில் ரத்தம் தேங்குகிறதா என்று பார்க்கலாம். 108-க்குப் பேசும்போது அதைச் சொல்லுங்கள்.