பதியம்: இம்பிளாண்ட்டுக்கு நம்மிடம் உள்ள சொல்

பல்லுக்கு இம்பிளாண்ட், இடுப்புக்கு இம்பிளாண்ட், தோளுக்கு இம்பிளாண்ட் என்று இப்போது எல்லாரும் சரளமாகச் சொல்கிறோம். தமிழில் எழுதும்போது பெரும்பாலும் ‘உள்வைப்பு’ என்று போடுகிறோம். தவறில்லை. ஆனால் உள்ளே வைத்த பொருள் அங்கே எப்படித் தங்குகிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. பந்தையும் குழியையும் இடம் மாற்றி வைக்கும் ரிவர்ஸ் வகைத் தோள்மூட்டு மாற்று அறுவையைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் குறை எனக்கு உறைத்தது. அங்கே பொருளை வைப்பது பாதி வேலைகூட இல்லை. எங்கே வைக்கிறோம், அது எப்படி எலும்போடு ஒன்றுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இம்பிளாண்ட்டின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘இன்’ என்றால் உள்ளே, ‘பிளான்டாரே’ என்றால் நடுதல். ‘பிளான்டா’ என்ற பெயர்ச்சொல் நடுவதற்கு எடுக்கும் இளங்கொம்பையும் குறிக்கும், உள்ளங்காலையும் குறிக்கும். கொம்பை ஊன்றிவிட்டு மண்ணைக் காலால் மிதித்து இறுக்குவார்களே, அதிலிருந்துதான் இரண்டு பொருளும் சேர்ந்தன என்று சொல்வதுண்டு. எப்படியானாலும் இது தோட்டத்தில் பிறந்த சொல்.

நம்மிடமும் அதே தோட்டத்துச் சொல் இருக்கிறது: பதியம். கிளையை வளைத்து, ஒரு இடத்தில் பட்டையைச் சீவி, அந்த இடத்தை மண்ணுக்குள் அமிழ்த்தி, மேலே கிளம்பாமல் ஒரு கவைக்குச்சியால் அழுத்தி வைப்பார்கள். சில வாரங்களில் சீவிய இடத்தில் வேர் பிடிக்கும். அதுவரை கிளையைப் பிடித்து வைத்திருப்பது குச்சி, அதற்கப்புறம் வேர்.

இதன் அடி ‘பதி’. கல் பதித்த மோதிரம், சுவரில் பதித்த ஓடு, மனதில் பதிந்த முகம் எல்லாம் இதில் வருபவைதான். பெயர்ச்சொல்லாக நின்றால் பதி என்பது இருப்பிடம், உரிய நிலை. நிலவையும் காதலியின் முகத்தையும் பிரித்தறிய முடியாத விண்மீன்களை ‘பதியின் கலங்கிய மீன்’ என்கிறது குறள் (1116). தம் நிலையிலிருந்து கலங்கித் திரியும் மீன்கள். (தலைவன் என்ற பொருளில் வரும் பதி வடசொல், அது வேறு.) ஆக, உரிய இடம், அந்த இடத்தில் ஊன்றி நிற்றல் ஆகிய இரண்டையும் ஒரே அடிச்சொல் தாங்குகிறது. தோள் அறுவைக்கு வேண்டியதும் இந்த இரண்டும்தான்.

இயல்பான தோளில் பந்து மேற்கை எலும்பின் தலையில் இருக்கிறது, குழி தோள்பட்டை எலும்பில் இருக்கிறது. பந்தைக் குழியோடு அணைத்துப் பிடிப்பவை சுழற்றுத் தசைநார்கள். அவை சரிசெய்ய முடியாதபடி கிழிந்துவிட்டால், தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை இழுக்கும்போது கை உயராமல் எலும்பு மட்டும் மேலே நழுவும். அதனால் பந்தைத் தோள்பட்டைப் பக்கமும் கிண்ணத்தைக் கைப் பக்கமும் இடம் மாற்றி வைக்கிறார்கள். இன்று நிலைத்திருக்கும் வடிவத்துக்கு வழி போட்டவர் பிரான்சின் டிஜோன் நகர அறுவை மருத்துவர் போல் கிராமோன். ஆண்டு 1985. அதற்கு முந்தைய முயற்சிகளில் பந்து எலும்பை விட்டு வெளியே துருத்தி நின்றது, அதனால் பிடி தளர்ந்தது. அவர் கழுத்தில்லாத அரைக்கோளத்தை எலும்பின் மேலேயே ஒட்டி உட்கார வைத்து, மூட்டு சுழலும் மையத்தை உள்ளே தள்ளினார், கையைச் சற்றுக் கீழே இறக்கினார். டெல்டாய்டுக்கு நல்ல நெம்பு கிடைத்தது.

முதலில் இடம். பந்தைத் தாங்கும் அடித்தட்டைக் குழியின் கீழ் விளிம்பை ஒட்டி வைக்க வேண்டும், மேல்நோக்கிச் சாய விடக்கூடாது. உயரே போய்விட்டால், கையை இறக்கும்போதெல்லாம் கிண்ணத்தின் விளிம்பு தோள்பட்டை எலும்பின் கழுத்தில் உரசும். காலப்போக்கில் அங்கே ஒரு வெட்டுப்பள்ளம் விழும். எக்ஸ்ரேயில் அது தெளிவாகத் தெரியும்.

அடுத்தது பிடிமானம். பொருளை எலும்போடு அசையாமல் பிணைக்கும் ஃபிக்சேஷன் என்பதற்கு ‘நிலைநிறுத்தம்’ என்று எழுதுவதை விட, வாயில் புழங்கும் இந்தச் சொல்லையே நான் விரும்புகிறேன். நடுவில் ஒரு முளை அல்லது திருகு, சுற்றிலும் சில திருகுகள். மேல் திருகு காக்கை அலகு போல் நீண்டிருக்கும் கொரக்காய்டு என்ற எலும்புமுனையின் அடிப்பகுதியைத் தேடும், கீழ்த் திருகு தோள்பட்டையின் தடித்த வெளி ஓரத்தைத் தேடும். இவை பதியத்தின் கவைக்குச்சிகள். தட்டின் முதுகைத் தடவிப் பார்த்தால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருக்கும். அந்த நுண்துளைகளுக்குள் எலும்பு வளர்ந்து புகவேண்டும். தட்டு ஆடாமல் இருந்தால்தான் அது நடக்கும். சுமார் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் அசைந்தாலே எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடும், வேர் பிடிக்காது. டைட்டானியத்தோடு எலும்பு இப்படி ஒன்றுவதை 1952இல் முயலின் காலெலும்பில் கண்டவர் சுவீடன் மருத்துவர் பிரோனமார்க். நம் பேச்சில் ‘எலும்பு கூடியது’ என்போமே, அதையே இதற்கும் சொல்லலாம்.

ரிவர்ஸுக்கு ‘தலைகீழ்’ எனக்குச் சம்மதமில்லை, மூட்டு கவிழ்ந்துவிட்டதாகத் தோன்றும். ‘இடமாற்றுத் தோள்மூட்டு’ சரியாக வரும். எக்ஸ்ரேயைப் பார்த்து எழுதும் குறிப்பு இப்படி இருக்கலாம்: “இடமாற்றுத் தோள்மூட்டு. பதியம் கீழ் விளிம்பில் அமர்ந்துள்ளது. மேல்சாய்வு இல்லை. பிடிமானம் உறுதி, எலும்பு கூடியுள்ளது.”